ஆட்டமுறை மாறும்போது பயிற்சியாளரை எதை வைத்து எடைபோடுவது?

2019 செப்டம்பர் 14 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் அணி, தி சிட்டடெல் என்ற ராணுவக் கல்லூரியிடம் கூடுதல் நேரத்தில் 27-24 என்று தோற்றது. சிட்டடெல் ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் அணி. பெரிய கல்லூரிகள் இப்படிப்பட்ட அணிகளைக் காசு கொடுத்து வரவழைப்பதே சுலபமாக ஒரு வெற்றியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான். தோற்றதே பெரிய சங்கடம். அதைவிடப் பெரிய வேடிக்கை, சிட்டடெல் அன்று ஆடிய முறை. அதன் பெயர் ட்ரிபிள் ஆப்ஷன். முந்தைய ஆண்டு வரை 11 சீசன்கள் ஜார்ஜியா டெக்கே ஆடிவந்த அதே முறை. புதிய தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் காலின்ஸ் வந்ததும் மூட்டைகட்டி வைத்த முறை.

அந்த சீசன் 3 வெற்றி, 9 தோல்வி. அடுத்தது 3-7. அதற்கடுத்தது மறுபடி 3-9. ஒவ்வொரு ஆண்டும் ரசிகர்களுக்குக் கிடைத்த பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அணி அடியோடு மாறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். கல்லூரி ஃபுட்பாலில் இப்படியொரு மாற்றம் நடந்ததே இல்லை என்ற தொனியில் காலின்ஸ் பேசினார். அந்தப் பதிலில் உண்மை இருந்ததா என்றால், இருந்தது. முழு உண்மையா என்பதுதான் கேள்வி.

நம்மவர்களுக்கு ஜார்ஜியா டெக் என்றால் எம்.எஸ். படிக்கப் போகும் இடம். ஆனால் அமெரிக்காவில் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம் வாங்குகிறார்கள். பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுபவர்களிலேயே அதிகச் சம்பளம் அவர்களுக்குத்தான். அதனால் ஒரு பயிற்சியாளருக்கு இன்னும் ஓராண்டு கொடுப்பதா வேண்டாமா என்பது டீக்கடைப் பேச்சோடு முடிகிற விஷயமில்லை. தவறான முடிவுக்குக் கோடிக்கணக்கில் விலை உண்டு.

ட்ரிபிள் ஆப்ஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் காலின்ஸின் வாதத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது புரியும். இந்த முறையில் எதிரணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். பந்தை முதலில் கையில் வாங்கித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தடுப்பாட்டக்காரர் வெளிப்பக்கமே நின்றுவிட்டால் பந்து நடுவில் பாயும் ஃபுல்பேக் என்ற ஓட்டக்காரரிடம் போகும். அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். அங்கே இன்னொரு தடுப்பாட்டக்காரர் காத்திருப்பார். அவர் குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தால், பக்கத்தில் கூடவே ஓடிவரும் இன்னொரு பேக்கிடம் பந்து தட்டிவிடப்படும். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். மறிக்கவே தேவையில்லாமல் இரண்டு பேரை ஆட்டத்திலிருந்து கழற்றிவிடுவதால், எதிரணியைவிட உடல் பருமன் குறைந்த அணியும் சமாளிக்க முடியும். ராணுவக் கல்லூரிகள் இதை விரும்பி ஆடுவதற்கு அதுவே காரணம். 2018இல் வர்ஜீனியா டெக்கை ஜார்ஜியா டெக் 49-28 என்று வென்ற ஆட்டத்தில் அவர்கள் எறிய முயன்றது ஒரே ஒரு பாஸ். அதுவும் போய்ச் சேரவில்லை. ஓடியே 465 யார்டு எடுத்தார்கள்.

இப்படி ஆட ஆள் எடுக்கும் பயிற்சியாளர் எப்படிப்பட்டவர்களை எடுப்பார்? முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் கனமாக இருப்பதைவிட வேகமாகக் குனிந்து பாய்ந்து, எதிராளியின் காலை வாரக் கூடியவர்களாக இருக்க வேண்டும். குவார்ட்டர்பேக்குக்கு முதலில் ஓடத் தெரிய வேண்டும், எறிவது அப்புறம். மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் தெரிந்த டைட் எண்ட் என்ற ஆளுக்கு இந்த முறையில் வேலையே இல்லை, அதனால் அணியிலும் ஒருவர்கூட இல்லை. காலின்ஸ் முதல் ஆண்டில் வேறொரு கல்லூரியிலிருந்து டைட் எண்ட் ஒருவரை வரவழைக்க வேண்டியிருந்தது. பாஸ் எறியும் முறைக்கு மாறினால் அதே லைன்மேன்கள் முன்னால் பாய்வதற்குப் பதில் பின்வாங்கி நின்று, முந்நூறு பவுண்டு ஆட்களைக் குவார்ட்டர்பேக் பக்கம் விடாமல் தாங்க வேண்டும். டெஸ்ட் ஆட்டத்துக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்த பதினொருவரை அப்படியே டி20 ஆடச் சொன்னால் எப்படியோ, அப்படி. உழைப்பு குறைவு என்று அவர்களைச் சொல்ல முடியாது. உடம்பே வேறு வேலைக்காகப் பழகியது.

சரி, ஆட்களை மாற்றிவிடலாமே என்றால், அன்றைய விதிகள் விடவில்லை. ஒரு அணிக்கு மொத்தம் 85 ஸ்காலர்ஷிப்; ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்கக் கூடாது. கணக்குப் போட்டால் முழு அணியும் மாற மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். வேறு கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர் பெரும்பாலும் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். போதாக்குறைக்கு 2020இல் கொரோனா வந்து வசந்தகாலப் பயிற்சியையும் விழுங்கிவிட்டது. காலின்ஸுக்குப் பாதகமாக இருந்தவை இவை. இவற்றை மறைத்துவிட்டு அவரைத் திட்டுவது நேர்மையல்ல.

ஆனால் சிட்டடெல் ஆட்டத்துக்குத் திரும்பிப் பார்ப்போம். அன்று பந்து பெரும்பாலான நேரம் சிட்டடெல் கையில்தான் இருந்தது. அவர்களைத் தடுத்து நிறுத்த முடியாமல் நின்றது ஜார்ஜியா டெக்கின் தடுப்பாட்டம். அதில் இருந்த மூத்தவர்கள் பல ஆண்டுகள் தங்கள் சொந்தப் பயிற்சி மைதானத்திலேயே ட்ரிபிள் ஆப்ஷனைப் பார்த்து வளர்ந்தவர்கள். நாட்டில் அந்த முறையை அவர்களைவிட அதிகம் அறிந்த தடுப்பாட்டக்காரர்கள் ஒரு சில கல்லூரிகளில்தான் இருந்திருப்பார்கள். தாக்குதல் முறை மாறியது இந்தத் தோல்வியில் பாதியைத்தான் விளக்கும். இன்னொரு பாதி, அந்த வாரம் அணி எப்படித் தயாரிக்கப்பட்டது என்ற விஷயம்.

இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். தாக்குதல் முறையை மாற்றுகிற பயிற்சியாளருக்கு நாம் கொடுக்கும் பொறுமை, அந்த மாற்றம் தொடும் இடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும். குவார்ட்டர்பேக் தடுமாறுகிறாரா, பொறுக்கலாம். லைன் உடைகிறதா, பொறுக்கலாம். முன்னேற முடியாதபோது பந்தைத் தூரமாக எதிரணிப் பக்கம் அனுப்பும் பன்ட் உதைகளை எதிரணி மறுபடி மறுபடி தடுக்கிறதே, அதற்கும் ட்ரிபிள் ஆப்ஷனுக்கும் என்ன சம்பந்தம்? 2022இல் ஜார்ஜியா டெக்குக்கு அதுவும் நடந்தது. தடுப்பாட்டம் வேறு தனிக் கதை. காலின்ஸ் அடிப்படையில் தடுப்பாட்டப் பயிற்சியாளர். ஃபுளோரிடாவில் அந்தப் பொறுப்பில் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவரின் அணி 2020இல் கிளெம்சனிடம் 73-7 என்று தோற்றது. அதையாவது மாற்றத்தின் பெயரால் கடந்துவிடலாம். 2021 முடிவில், மூன்றாவது ஆண்டில், அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் நோட்ர டேமிடம் 55-0, அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான ஜார்ஜியாவிடம் 45-0. இரண்டு ஆட்டத்திலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதற்குள் அணியில் பெரும்பாலானோர் அவரே சேர்த்தவர்கள்.

மாற்றம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு கடினம் என்றும் நினைக்கக் கூடாது. காலின்ஸுக்கு முன்பிருந்த பால் ஜான்சன் 2008இல் வந்தபோது, வழக்கமான தொழில்முறைப் பாணியில் ஆடிக்கொண்டிருந்த அணியை முதல் ஆண்டிலேயே ட்ரிபிள் ஆப்ஷனுக்கு மாற்றினார். அந்த ஆண்டே 9-4. ஜார்ஜியாவை அதன் சொந்த மைதானத்தில் 45-42 என்று வென்றார். வழக்கமான அணியில் ஆப்ஷனுக்கு வேண்டிய ஆட்கள் ஏற்கெனவே இருப்பார்கள்: பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் நல்ல ரன்னிங் பேக், ஓடத் தெரிந்த ஒரு குவார்ட்டர்பேக், கட்டுமஸ்தான லைன். ஆப்ஷன் அணியிலோ பாஸ் ஆட்டத்துக்கு வேண்டிய பாதி ஆட்கள் இருக்கவே மாட்டார்கள். ஜான்சன் முதல் ஆண்டிலேயே சாதித்தாரே, காலின்ஸுக்கு என்ன என்று கேட்டவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இந்தப் பிரச்சினையைப் படிக்க ஜார்ஜியா டெக்கைவிடச் சிக்கலான பாடம் மிச்சிகன். 2008இல் வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து ரிச் ராட்ரிகெஸை அழைத்துவந்தார்கள். அகல விரிந்து நின்று, குவார்ட்டர்பேக்கையே ஓடவிடும் ஸ்ப்ரெட் முறையை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் அவர். மிச்சிகனோ, கனமான லைனும் நின்ற இடத்தில் நின்று எறியும் குவார்ட்டர்பேக்கும் வைத்துப் பல பத்தாண்டுகள் ஆடிய பழமைவாதி. முந்தைய அணியின் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், அந்த ஆண்டு தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.இன் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாகப் போன ஜேக் லாங் என்று முக்கியமான எல்லோரும் படிப்பு முடிந்து வெளியேறியிருந்தார்கள். அடுத்து ஆடியிருக்க வேண்டிய ரையன் மாலெட், இந்த முறை தனக்கு ஒத்துவராது என்று அர்கன்சாவுக்குப் போய்விட்டார். விளைவு 3-9. 33 ஆண்டுகள் தொடர்ந்து சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்கு நடக்கும் பௌல் போட்டிக்குத் தகுதி பெற்றுவந்த அணி அந்த வரிசையை இழந்தது. டொலீடோ என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் சொந்த மைதானத்தில் 13-10 என்று தோற்றது.

ராட்ரிகெஸுக்கு ஒரு முன்கதை இருந்தது. வெஸ்ட் வர்ஜீனியாவிலும் அவர் 2001இல் 3-8 என்றுதான் தொடங்கினார். அடுத்த ஆண்டே 9-4. அதனால் மிச்சிகனிலும் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னவர்கள் முட்டாள்களல்ல. தாக்குதல் ஆட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது பலிக்கவும் செய்தது. 2008இல் ஆட்டத்துக்குச் சராசரி 20 புள்ளி எடுத்த அணி, 2010இல் 32.8 எடுத்தது. டெனார்ட் ராபின்சன் என்ற குவார்ட்டர்பேக், நோட்ர டேமுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஓடி 258 யார்டு, எறிந்து 244 யார்டு எடுத்தார். அந்த சீசனில் அவர் 1,702 யார்டு ஓடினார். சொன்னதைச் செய்துகாட்டிய மாற்றம் என்று அதை எழுதலாம்.

ஆனால் 2011 ஜனவரியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று ஆண்டில் 15 வெற்றி, 22 தோல்வி. பரம எதிரிகளான ஒஹாயோ ஸ்டேட்டையும் மிச்சிகன் ஸ்டேட்டையும் ஒருமுறைகூட வெல்லவில்லை. பயிற்சி நேர விதிகளை மீறியதாக, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் விசாரணை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பதவியைக் காவு வாங்கியது தடுப்பாட்டம். 2010இல் மிச்சிகன் ஆட்டத்துக்கு 35 புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்தது. இல்லினாய்ஸை வென்ற ஆட்டத்தின் ஸ்கோர் 67-65. மூன்று கூடுதல் நேரங்கள். கடைசி ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 52-14. அவர் மூன்று ஆண்டில் இரண்டு தடுப்பாட்டப் பொறுப்பாளர்களை வைத்துப் பார்த்தார். தாக்குதலில் தன் வழியை ஒரு நூலும் விட்டுக்கொடுக்காத மனிதர், தடுப்பாட்டத்தில் யார் வழியில் போவது என்று முடிவெடுக்கவே இல்லை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். பிரேடி ஹோக் வந்தார். 2011இல் 11-2; பெரிய பௌல் போட்டிகளில் ஒன்றான ஷுகர் பௌலில் வெற்றி; ஒஹாயோ ஸ்டேட்டை 2003க்குப் பிறகு முதன்முறையாகத் தோற்கடித்தார்கள். அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ராட்ரிகெஸ் சேர்த்தவர்கள்தான். தாக்குதல் ஆட்டத்தின் சராசரி 33.3 புள்ளி, முந்தைய ஆண்டைவிட அரைப் புள்ளிதான் அதிகம். விட்டுக்கொடுத்த புள்ளி மட்டும் 35இலிருந்து 17.4 ஆகப் பாதியாகக் குறைந்தது. கிரெக் மாட்டிசன் என்ற அனுபவசாலி தடுப்பாட்டத்தை எடுத்து நடத்தினார். அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். அந்த ஆண்டு ஹோக் பெரிய பயிற்சியாளர் என்று கொண்டாடப்பட்டார்.

பிறகு அவரும் ஒரு மாற்றத்தைத் தொடங்கினார். ஸ்ப்ரெட்டிலிருந்து மறுபடி பழைய கனமான பாணிக்கு. ராபின்சன் படிப்பு முடித்துப் போனார். 2013இல் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக ஓட்டத்தில் மிச்சிகன் எடுத்தது மைனஸ் 48 யார்டு. அடுத்த வாரம் நெப்ராஸ்காவுக்கு எதிராக மைனஸ் 21. ஓடி எடுக்க வேண்டியதற்குப் பதில் பின்னால் போனார்கள். 11-2 என்பது 8-5, 7-6, 5-7 என்று படியிறங்கி, 2014இல் ஹோக்கும் வெளியே. இரண்டு பயிற்சியாளர்களில் யார் நல்லவர், யார் மோசம் என்று வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்ல முயன்றால் 2011இல் ஒரு விடையும் 2014இல் வேறொரு விடையும் வரும். முதல் ஆண்டு வெற்றி பாதியாவது முன்னவரின் சொத்து. முதல் ஆண்டுத் தோல்வியும் அப்படியே.

நெப்ராஸ்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் 9-3 என்றிருந்த ஃபிராங்க் சோலிச்சை நீக்கிவிட்டு, என்.எஃப்.எல்.இலிருந்து பில் காலஹனைக் கொண்டுவந்தார்கள். ஆப்ஷன் ஆட்டத்தின் கோயில் என்று சொல்லத்தக்க இடத்தில் அவர் பாஸ் ஆட்டத்தைப் புகுத்தினார். 2004இல் 5-6, 1961க்குப் பிறகு முதல் தோல்விச் சீசன். டெக்சஸ் டெக்கிடம் 70-10. மாற்றம் பிறகு வேரூன்றியது: 2006இல் தங்கள் பிரிவில் முதலிடம். 2007 கடைசியில் ஜோ கான்ஸ் என்ற குவார்ட்டர்பேக் ஒரே ஆட்டத்தில், எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி வாங்கித் தரும் டச்டவுன் பாஸ் ஏழு எறிந்தார். ஆனால் அதற்கு முந்தைய வாரம் கான்ஸஸிடம் 76-39 என்று தோற்றிருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் கொலராடோவிடம் 65-51. காலஹனும் போனார். இங்கேயும் அணி மூழ்கியது மாறிய பக்கத்தில் அல்ல, மாறாத பக்கமான தடுப்பாட்டத்தில். எல்லோரும் தாக்குதல் முறையைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்ததில் அந்தப் பக்கம் கவனம் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. காலஹனைக் கொண்டுவந்த விளையாட்டுத் துறை இயக்குநர் அவருக்குச் சில வாரம் முன்பே நீக்கப்பட்டார். காலின்ஸைக் கொண்டுவந்தவரும் அவரோடு அதே நாளில் நீக்கப்பட்டார். முறையையே மாற்ற வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். பயிற்சியாளரின் பொறுமைக் கணக்கில் அவர்கள் பதவியும் சேர்ந்தே இருக்கிறது என்பதால், இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லும்போது அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று கொஞ்சம் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

ஜார்ஜியா டெக்கில் 2022 செப்டம்பர் 26 அன்று, 1-3 என்ற நிலையில் காலின்ஸ் நீக்கப்பட்டார். மொத்தம் 10 வெற்றி, 28 தோல்வி. ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் மிச்சமிருந்ததற்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. லைன்மேன்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த பிரெண்ட் கீ, அதே கல்லூரியின் முன்னாள் ஆட்டக்காரர், தற்காலிகமாகப் பொறுப்பேற்றார்.

அதே ஆட்கள். அதே முறை. பாதி சீசனில் எந்தப் பயிற்சியாளராலும் புது ஆட்டமுறை கொண்டுவர முடியாது. அடுத்த சனிக்கிழமையே தரவரிசையில் இருந்த பிட்ஸ்பர்க்கை அதன் ஊரில் 26-21 என்று வென்றார்கள். நவம்பரில் நார்த் கரோலினாவை 21-17. கீயின் கீழ் எட்டு ஆட்டத்தில் நாலு வெற்றி. அணியில் திறமை போதவில்லை, மாற்றம் முடியவில்லை என்று மூன்றரை ஆண்டு சொல்லப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சோதனை அமைவது அபூர்வம். அதற்காகக் காலின்ஸ் சேர்த்த ஆட்களுக்கான பெருமையை அவருக்குத் தர மறுக்கவும் கூடாது. கீ வென்றது அவர் சேர்த்தவர்களை வைத்துத்தான். ஆட்களைப் பிடிப்பதில் காலின்ஸ் தோற்கவில்லை, சனிக்கிழமைகளில் தோற்றார். 2023இல் கீ புதிய தாக்குதல் பொறுப்பாளரையும், டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து ஹேன்ஸ் கிங் என்ற குவார்ட்டர்பேக்கையும் கொண்டுவந்தார். 7-6, பௌல் வெற்றி. 2024இல் மயாமி நாட்டில் நான்காம் இடத்தில் இருந்தபோது அதை வென்றார்கள்.

கிங் வந்த விதமே இந்த வாதத்தை இன்று வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. 2021இலிருந்து ஆட்டக்காரர் ஒருமுறை கல்லூரி மாறினால் வெளியே உட்காராமல் உடனே ஆடலாம். பிறகு எத்தனை முறை மாறினாலும் ஆடலாம் என்றாகிவிட்டது. ஆண்டுக்கு 25 பேர் என்ற வரம்பும் 2022இல் போனது. 2024இல் கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்கு வந்தார். முந்தைய ஆண்டு 3-9 என்றிருந்த அணி. தன் பழைய கல்லூரியிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட அழைத்துவந்து, முதல் ஆண்டிலேயே 11-2 எடுத்து, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் வரை போனார். அதைப் பார்த்த எந்தக் கல்லூரி ரசிகரும் இனி மூன்றாண்டு பொறுக்கச் சம்மதிக்க மாட்டார்.

கதவு இரண்டு பக்கமும் திறக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காலின்ஸ் கண்டெடுத்த ஆட்டக்காரர்களில் மிகச் சிறந்தவர் ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக். 2021 முடிந்ததும் அவர் அலபாமாவுக்குப் போய்விட்டார், 2023இல் என்.எஃப்.எல். தேர்வில் 12ஆம் ஆளாகப் போனார். முன்பெல்லாம் மூன்றாம் ஆண்டு என்பது பயிற்சியாளர் விதைத்ததை அறுக்கும் ஆண்டு. இப்போது தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் நன்றாக விளைந்ததை முதலில் வந்து அறுத்துப் போவது பக்கத்து ஊர்க்காரர். குவார்ட்டர்பேக்கை ஒரே குளிர்காலத்தில் மாற்றிவிடலாம், ரன்னிங் பேக்கையும் மாற்றலாம். ஆனால் ஐந்து லைன்மேன்கள் பக்கத்தில் இருப்பவன் எப்போது நகர்வான் என்று சொல்லாமலே தெரிந்துகொள்ளும் பழக்கத்துக்கு இன்றும் குறுக்குவழி இல்லை. அதனால் முறை மாறும் அணியைப் பார்க்கும்போது அக்டோபர் கடைசியில் அந்த ஐவரைத்தான் முதலில் கவனிப்பேன், ஸ்கோர்போர்டை அப்புறம்.